சாயும் பெட்ரோல்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்று ஒரு நகரம். அங்குள்ள போமன் கிரே ஸ்டேடியத்தை முதல் தடவை பார்க்கிறவர் யாரும் அது கார் பந்தயம் நடக்கும் இடம் என்று நம்பமாட்டார். நடுவில் அமெரிக்கக் கால்பந்து மைதானம். அதைச் சுற்றிக் கால் மைல் நீளத்தில், அதாவது 400 மீட்டரில், தட்டையான ஒரு தடம். அவ்வளவுதான். 1949-லிருந்து கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில் அங்கே கார்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தடம் குறுகல், கார்கள் நிறைய, ஓட்டுநர்களுக்குப் பொறுமை குறைவு. ரசிகர்கள் அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘மேட்ஹவுஸ்’.

அமெரிக்காவில் இதைப் போன்ற குட்டி நீள்வட்டத் தடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாவற்றிலும் கார் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். 400 மீட்டர் தடம் என்றால் இரண்டு நேர்ப்பாதைகள் சேர்ந்து 180 மீட்டர் இருக்கும்; மிச்சம் 220 மீட்டரும் வளைவு. ஓட்டுநர் நேர்ப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கிறார். மூன்று நான்கு விநாடியில் வளைவு வந்துவிடுகிறது. காலை எடுக்கிறார், பிரேக் போடுகிறார், திருப்புகிறார். வளைவின் நடுவைத் தாண்டியதும் மறுபடி மிதிக்கிறார். அந்த மறுமிதியில் என்ஜின் உடனே இழுத்தால் முன்னால் போகிற காரைப் பிடிக்கலாம். அரை நொடி யோசித்தால் பின்னால் வருகிறவன் பிடித்துவிடுவான். குட்டித் தடத்துக்குக் கார்பரேட்டர் தேர்ந்தெடுப்பதும் டியூன் செய்வதும் பெரும்பாலும் அந்த அரை நொடிக்காகத்தான். நேர்ப்பாதையின் கடைசியில் கிடைக்கும் உச்ச வேகத்துக்காகக் கார்பரேட்டர் வாங்குகிறவர் தப்பான கடையில் நிற்கிறார்.

இந்தத் தடங்களில் பணம் அதிகம் இல்லாதவர்கள் சேரும் பிரிவு நாலு சிலிண்டர் கார்களுடையது. பல ஊர்களில் ‘மினி ஸ்டாக்’ என்பார்கள். அதில் நெடுங்காலம் கோலோச்சியது ஃபோர்டின் 2.3 லிட்டர் என்ஜின். ஓஹையோ மாநிலத்து லைமா தொழிற்சாலையிலிருந்து 1974 மாடல் பின்டோ கார்களில் வந்து இறங்கியது. கனமான வார்ப்பிரும்பு, சாதாரண வடிவமைப்பு, ஆனால் அடித்தாலும் சாகாத என்ஜின். பழைய இரும்புக் கடையில் கிடைத்த பின்டோவை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கி, உருட்டுக் குழாயில் கூண்டு கட்டி, அந்த என்ஜினின் தலையில் ஹோலி கம்பெனியின் இரட்டை பாரல் (இரண்டு காற்றுவழி கொண்ட) கார்பரேட்டர் ஒன்றைப் பூட்டினால் பந்தயக் கார் தயார்.

இந்தக் காலத்திலும் கார்பரேட்டரா என்று கேட்கலாம். நம் ஊரில் பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரலில் வந்தபோதுதான் பெரும்பாலான பைக்குகளிலிருந்து கார்பரேட்டர் கழன்றது. அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயத் தொடரான நாஸ்கார் கோப்பையிலேயே 2011 வரை கார்பரேட்டர்தான். அடுத்த ஆண்டுதான் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறினார்கள். குட்டித் தடங்கள் இன்னும் மாறாததற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமில்லை. கம்ப்யூட்டருக்குள் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று சனிக்கிழமை ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாது. கார்பரேட்டரைக் கழற்றி அளந்துவிடலாம்.

காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்பரேட்டரின் உள்ளே இருப்பது ஒரே ஒரு யோசனை. குழாயில் ஓடும் காற்று குறுகலான கழுத்தைக் கடக்கும்போது வேகமெடுக்கும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் இதன் அடிப்படை இருக்கிறது. இத்தாலியரான வெஞ்சுரி 1797-இல் குறுகிய கழுத்துள்ள குழாய்களை வைத்துச் சோதனை செய்து எழுதினார்; அந்தக் கழுத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். கார்ல் பென்ஸின் முதல் காரில் காற்று பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போய் ஆவியை அள்ளியது. அது மெதுவான என்ஜினுக்குத்தான் சரிப்பட்டது. 1893 வாக்கில் வில்ஹெல்ம் மேபாக், அந்தக் கழுத்தில் ஒரு முனையை நீட்டி, குறைந்த அழுத்தம் பெட்ரோலைத் தானே உறிஞ்சித் தெளிக்கும்படி செய்தார். ஏறத்தாழ அதே சமயத்தில் புடாபெஸ்டில் டோனாட் பாங்கியும் யானோஷ் சோன்காவும் இதே வழிக்கு வந்திருந்தார்கள். காற்று கூடினால் உறிஞ்சல் கூடும், பெட்ரோலும் கூடும். கணக்குப் போட ஆள் வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. பெட்ரோல் தன் கிண்ணத்தில் ஒரே மட்டத்தில் கிடக்க வேண்டும். அதற்காகத்தான் உள்ளே ஒரு மிதவை. மட்டம் தாழ்ந்தால் அது இறங்கி வால்வைத் திறக்கும், உயர்ந்தால் ஏறி மூடும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதே. நேரே போகும் காருக்கு இது போதும்.

இனி கார்பரேட்டர் வாங்குவதைப் பார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு வாங்கும். 2.3 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் 2.3-ஐ 3,500-ஆல் பெருக்க வேண்டும்: 8,050 லிட்டர் காற்று. எந்தச் சிலிண்டரும் முழுதாக நிரம்பாது. 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 6,840 லிட்டர். கார்பரேட்டர் உலகம் இன்னும் கன அடியில்தான் பேசுகிறது. அந்தக் கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 240 கன அடி, கடைக்காரர் மொழியில் 240 சி.எஃப்.எம்.

ஹோலியின் இரட்டை பாரல்களில் குட்டித் தடக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான எண்கள் இரண்டு. 7448 என்பது 350 சி.எஃப்.எம்., 4412 என்பது 500. நமக்கு வேண்டியது 240. இரண்டுமே தாராளம் போலத் தோன்றும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரட்டை பாரல் கார்பரேட்டரை அளக்கும்போது 3 அங்குலப் பாதரச அளவு அழுத்த வித்தியாசம் கொடுத்து அளக்கிறார்கள். நாலு பாரல் என்றால் அதில் பாதி, 1.5 அங்குலம். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலப்படி போவதால், நாலு பாரல் அளவுகோலில் நம் 350 வெறும் 247 ஆகிவிடும். 500 என்பது 354. ஆக 350 இந்த என்ஜினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 500 கொஞ்சம் தொளதொள.

தொளதொள சட்டையால் லாபம் இல்லாமல் இல்லை. 240 கன அடிக் காற்று 350-இன் வழியாகப் போகும்போது 1.4 அங்குல அழுத்தத்தை இழக்கிறது, 500-இல் 0.7 அங்குலம்தான். வெளிக்காற்றின் அழுத்தம் 30 அங்குலம் என்பதால் வித்தியாசம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். உச்ச சுற்றில் ஏறக்குறைய அதே அளவுக்குச் சக்தி கூடும். 500-ஐப் பூட்டியவர் பெருமைப்பட அவ்வளவு உண்டு. அதற்கு அவர் கொடுக்கும் விலையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

350-இன் ஒவ்வொரு கழுத்தும் 30 மில்லிமீட்டர் விட்டம். இரண்டு கழுத்தும் சேர்ந்து 14 சதுர சென்டிமீட்டர் சொச்சம். அதன் வழியே 6,840 லிட்டர் போக வேண்டுமானால் காற்றின் வேகம் விநாடிக்கு 80 மீட்டர், மணிக்கு 290 கிலோமீட்டருக்குப் பக்கம். கார் நூறைத் தொடுவதே பெரும்பாடு; அதன் தொண்டைக்குள் புயல். அந்த வேகம் உண்டாக்கும் உறிஞ்சல் பெட்ரோலை அரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கக்கூடியது. 500-இன் கழுத்து 35 மில்லிமீட்டர். அதே காற்று அதில் 60 மீட்டர் வேகத்தில் போகும். தூக்கும் உயரம் 30 சென்டிமீட்டர். கழுத்துக்குள் பூஸ்டர் என்ற சிறு வளையம் ஒன்று இந்த உறிஞ்சலை இன்னும் பெருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

இது 7,000 சுற்றில். வளைவை விட்டு வெளியேறும்போது என்ஜின் 3,500 சுற்றில் இருக்கிறது. காற்றின் வேகம் பாதியாகும், உறிஞ்சல் கால்பங்காகும். 350-க்கு 13 சென்டிமீட்டர், 500-க்கு ஏழரை. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கார் திரும்புகிறது. வளைவின் ஆரம் 35 மீட்டர், வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் என்று வைப்போம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் பக்கவாட்டு முடுக்கம் 9.3 வருகிறது. புவியீர்ப்பு 9.8. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். கிண்ணத்துக்குள் இருக்கும் பெட்ரோலுக்குக் ‘கீழே’ என்கிற திசையே மாறிவிட்டது. அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 45 டிகிரியில் சாய்ந்து நிற்கிறது. பஸ் திரும்பும்போது குடத்துத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி வழிவதைப் பார்த்திருக்கிறோம். அது ஒரு தடவை நடந்து முடிந்துவிடும். இங்கே ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறேழு விநாடி, எப்போதும் வலப்பக்கமாகவே.

கிண்ணம் கார்பரேட்டரின் முன்பக்கம் இருக்கிறது. அதற்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு உலோகக் கட்டை. அதில் இடது பாரலுக்கு ஒன்று, வலது பாரலுக்கு ஒன்று எனப் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள இரண்டு பித்தளை ஜெட்டுகள். ஒவ்வொரு பாரலின் முனையும் நடுவிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் அளவு விலகி நிற்கிறது. பெட்ரோல் 45 டிகிரி சாய்ந்தால், வலது முனைக்கு மட்டம் இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்த மாதிரி. இடது முனைக்கு அதே அளவு தாழ்ந்த மாதிரி. முனை சாதாரணமாக மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலேதான் இருக்கும். ஆகவே வலது பாரலில் உறிஞ்சவே தேவையில்லை, பெட்ரோல் தானாக வழியும். இடது பாரல் வறளும். சாய்வு இன்னும் கூடினால் இடது ஜெட் பெட்ரோலுக்கு வெளியே வந்து காற்றை விழுங்கும்.

முன்பு சொன்ன இரண்டு எண்கள் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. 350-இல் 13 சென்டிமீட்டர் உறிஞ்சலோடு இரண்டரை கூடுகிறது அல்லது குறைகிறது. வர்க்கமூலம் எடுத்தால் வலது பாரலுக்கு 9 சதவீதம் அதிகம், இடதுக்கு 10 சதவீதம் குறைவு. என்ஜின் முனகும், ஆனால் போகும். 500-இல் இருப்பதே ஏழரை. வலது 15 சதவீதம் கூடும், இடது 18 சதவீதம் குறையும். பெட்ரோல் 18 சதவீதம் குறைந்த கலவையில் என்ஜின் இழுக்காது. கார்பரேட்டர் வழியாகத் தும்மும். நேர்ப்பாதையின் கடைசியில் கிடைத்த 2 சதவீதம் நேர்ப்பாதையின் தொடக்கத்திலேயே போய்விட்டது. இதே என்ஜினை அரை மைல் தடத்துக்குக் கொண்டுபோனால் கதை வேறு. அங்கே சுற்று 5,000-க்குக் கீழே இறங்காது. விதி அனுமதித்தால் நானும் 500-ஐத்தான் சொல்வேன். கால் மைலுக்குச் சிறியது.

பெட்ரோல் சாய்வதைத் தடுக்க முடியாது. அதன் விளைவைக் குறைக்கத்தான் முடியும். பழைய ஆட்கள் சிலர் இடது ஜெட்டை ஓரிரு எண் பெரிதாகவும் வலதைச் சிறிதாகவும் போடுவார்கள். வளைவில் இது உதவும். நேர்ப்பாதையில் அதே அளவுக்குக் கெடுக்கும், என்ஜின் முழு வேகத்தில் இருக்கும்போது இடது பாரல் கொழுத்தும் வலது இளைத்தும் போகும். ஓர் எண் வித்தியாசத்துக்கு மேல் போவது எனக்குச் சம்மதமில்லை. கிண்ணத்தின் மேலிருந்து கழுத்தின் வாய்க்குள் நீளும் காற்றுக் குழாய் ஒன்று உண்டு. அலை அடிக்கிற பெட்ரோல் அதன் வழியாகப் பொங்கி நேரே என்ஜினுக்குள் கொட்டும். அதன் உள்முனையில் சின்ன பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைச் செருகினால் கொட்டுவது நிற்கும். சின்னச் சாமான்தான், ஆனால் வளைவில் கரும்புகை விடும் காருக்குப் பல சமயம் இதுவே மருந்து. பின்னால் பெட்ரோல் டேங்கிலும் இதே கூத்து நடக்கிறது. அங்கே உறிஞ்சும் குழாயை வலப்பக்கப் பின்மூலையில் வைக்க வேண்டும், பெட்ரோல் அங்கேதான் ஒதுங்கும்.

இந்தத் தொல்லையே இல்லாத ஒரு வழியும் உண்டு. 1992-இல் அதே வட கரோலினாவின் சார்லட்டில் ‘லெஜண்ட்ஸ்’ என்றொரு குட்டிக் கார் வந்தது. 1930-களின் கார்களை எட்டில் ஐந்து பங்கு அளவுக்குச் சுருக்கிய உருவம், உள்ளே யமஹா பைக் என்ஜின். நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக நாலு மிகுனி கார்பரேட்டர். பைக் கார்பரேட்டரில் கிண்ணம் முனைக்கு நேர் கீழே தொங்குகிறது.  முனை நடுவில் இருப்பதால் பெட்ரோல் எந்தப் பக்கம் ஏறினாலும் நடுமட்டம் அவ்வளவாக மாறாது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் யூகால் நிறுவனம் மிகுனியின் தொழில்நுட்பத்தில் கார்பரேட்டர்கள் செய்து மாருதி கார்களுக்குக் கொடுத்ததால், அந்தப் பெயர் நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கம்.

ஹோலிக்கே வருவோம். டியூன் செய்ய உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஜெட்டை மாற்றுவார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் மிதவை. கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, அந்தத் திருகைக் கழற்றினால் பெட்ரோல் துளையின் கீழ் விளிம்பில் ததும்பிக்கொண்டு நிற்க வேண்டும். காரை லேசாக ஆட்டினால் ஒரு துளி வழியலாம். வழிந்துகொண்டே இருந்தால் மட்டம் அதிகம். ஆட்டியும் வரவில்லையென்றால் குறைவு. கிண்ணத்தின் தலையில் இருக்கும் நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். சூடான என்ஜினுக்கு மேல் திறந்த பெட்ரோல் என்பதால் பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

அடுத்தது ஐட்லிங். பந்தயக் காருக்கு ஐட்லிங் எதற்கு என்று கேட்பவர்கள் வளைவுக்குள் காலை எடுத்தபோது என்ஜினுக்குச் சாப்பாடு எந்த வழியாக வருகிறது என்று யோசிப்பதில்லை. திராட்டில் தகடு மூடியிருக்கும்போது அதன் கீழே ஒரு சிறு துளை, அதற்குச் சற்று மேலே செங்குத்தாக ஒரு பிளவு. இவை இரண்டும்தான் வழி. தகடு திறக்கத் திறக்கப் பிளவு கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டு, பெரிய ஜெட் விழித்துக்கொள்ளும்வரை என்ஜினைத் தாங்கிப்பிடிக்கும். கார்பரேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தகட்டுக்குக் கீழே தெரியும் பிளவின் பகுதி சின்னச் சதுரமாக இருந்தால் சரி. நீளக் கோடாகத் தெரிந்தால் தகடு ஏற்கெனவே அதிகம் திறந்திருக்கிறது. தாங்கிப்பிடிக்க வேண்டியது முன்பே செலவாகிவிட்டது. ஐட்லிங்கில் என்ஜின் நிற்கிறது என்று ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே போனவர்களின் கார்பரேட்டர்கள் அத்தனையும் இப்படித்தான் இருக்கும். பிறகு, ‘பிக்கப்பே இல்லை’ என்று ஜெட்டைக் குறை சொல்வார்கள்.

மறுமிதியின் நாயகன் ஆக்ஸிலரேட்டர் பம்ப். மிதியை அமுக்கிய மறுகணம் காற்று பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, குழாய்களுக்குள் ஊர்ந்துதான் வரும். வந்ததிலும் ஒரு பங்கு, என்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் படிந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ரப்பர் டயாபிரம் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. ‘30 சிசி பம்ப்’ என்றால் ஒரு பீய்ச்சலுக்கு 30 சிசி என்று நினைத்துவிட வேண்டாம். பத்து பீய்ச்சலுக்கு 30. ஒன்றுக்கு 3 சிசி, முக்கால் டீஸ்பூன்கூட இல்லை. எவ்வளவு சீக்கிரம் பீய்ச்ச வேண்டும் என்பதை முனையின் துளை அளவு தீர்மானிக்கும். மிதியின் எந்தக் கட்டத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதைப் பல நிறங்களில் கிடைக்கும் பிளாஸ்டிக் கேம் தீர்மானிக்கும். மிதித்ததும் என்ஜின் வெறுமையாகத் தயங்கி ஒரு தும்மல் போட்டால் பெட்ரோல் போதவில்லை, முனையைப் பெரிதாக்கு. கரும்புகையோடு திணறினால் அதிகம். பம்பின் கைக்கும் நெம்புகோலுக்கும் இடையில் ஐட்லிங்கில் தொளதொளப்பு இருக்கவே கூடாது. இருந்தால் மிதியின் முதல் பங்கு வெறும் காற்றில் போகும். முழுதாக மிதித்த நிலையிலும் டயாபிரம் நசுங்காமலிருக்க அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடம் இருந்தால் போதும்.

பவர் வால்வு பற்றி எந்தத் தடத்திலும் சண்டை உண்டு. என்ஜின் சும்மா ஓடும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம், வால்வு மூடியிருக்கும். மிதித்தால் வெற்றிடம் விழும், வால்வு திறந்து கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். 6.5 என்று முத்திரை குத்தியிருந்தால் வெற்றிடம் 6.5 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே இறங்கும்போது திறக்கும் என்று பொருள். பழைய கார்பரேட்டர்களில் என்ஜின் ஒரு தும்மல் தும்மினால் இதன் டயாபிரம் கிழிந்துவிடும். அந்தப் பயத்தில் பலர் வால்வைப் பிடுங்கி அடைத்துவிட்டு, ஜெட்டை எட்டுப் பத்து எண் ஏற்றிவிடுகிறார்கள். முழு மிதியில் வித்தியாசம் தெரியாது. ஆனால் விபத்து நடந்து மஞ்சள் கொடி காட்டி, எல்லோரும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது, என்ஜின் தேவைக்கு மேல் குடித்து ஸ்பார்க் ப்ளக்கைக் கரியாக்கிவிடும். பச்சைக் கொடி விழும்போது நாலில் மூன்று சிலிண்டர்தான் ஓடும். மேட்ஹவுஸ் மாதிரித் தடங்களில் மஞ்சள் கொடிக்குப் பஞ்சமே இல்லை. வால்வை வைத்துக்கொள்வதே நல்லது.

கடைசியாகத்தான் ஜெட். அதன் தலையில் இருக்கும் எண் துளையின் விட்டம் என்று நினைத்து ட்ரில்லை எடுப்பவர்கள் உண்டு. ஹோலியின் பட்டியலில் 72-க்கும் 73-க்கும் விட்டம் ஒன்றுதான், 0.079 அங்குலம். வித்தியாசம் துளையின் வாய் எப்படிச் சரித்துச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதில். எண் குறிப்பது ஓட்டத்தை. ட்ரில் போட்ட ஜெட்டில் எண் மட்டும்தான் மிஞ்சும்.

பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். உச்ச சக்தி கிடைப்பது பன்னிரண்டரைக்கும் பதிமூன்றுக்கும் நடுவில், பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கும்போது. அந்த விகிதத்தில் நம் என்ஜின் 7,000 சுற்றில் விநாடிக்குச் சுமார் மூன்று டீஸ்பூன் பெட்ரோல் குடிக்கும். முதலில் ஜெட்டைத் தாராளமாகவே வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டிரண்டு எண்ணாகக் குறைக்க வேண்டும். சுற்று நேரம் குறைவது நின்றதும் ஒன்றைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். எதிர்த்திசையில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஜாஸ்தியானால் போவது நேரம். குறைந்தால் போவது பிஸ்டன். ப்ளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் கலை இப்போது அவ்வளவு கைகொடுப்பதில்லை. ஈயம் இல்லாத பெட்ரோல் பீங்கானில் தெளிவான நிறம் விடுவதில்லை. புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் வைத்துப் பார்ப்பது நம்பகமானது. ஆனால் ஈயம் கலந்த பந்தய பெட்ரோல் ஊற்றினால் சென்சார் சீக்கிரமே செத்துவிடும்.

மதியம் பிராக்டிஸில் பறந்த கார் இரவுப் பந்தயத்தில் லேசாகத் தும்முவதைப் பற்றி ஓட்டுநர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். காரணம் காற்று. மதியம் 34 டிகிரி, இரவு 20 என்றால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் கூடுகிறது. என்ஜினுக்குள் போகும் காற்றின் எடை அடர்த்திக்கு நேர்விகிதத்தில் கூடும். கார்பரேட்டர் கொடுக்கும் பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத்தான் கூடும். 5 சதவீதக் காற்றுக்கு இரண்டரை சதவீதப் பெட்ரோல். மிச்ச இரண்டரை பற்றாக்குறை. ஒரு ஜெட் எண் நாலைந்து சதவீதம் என்பதால் இது அரை எண் விவகாரம். மதியம் விளிம்பில் டியூன் செய்தவருக்கு மட்டும் இரவில் கடிக்கும். இதே விதி மலைமேல் தலைகீழாக வேலை செய்யும். கொலராடோ மாநிலத்து டேக்கோனோவில் இருக்கும் தடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காற்று 14 சதவீதம் மெலிந்தது, கலவை 7 சதவீதம் கொழுக்கும். கரோலினாவில் சரியாக இருந்த காரை அங்கே இறக்கியதும் ஜெட்டை ஒன்றரை, இரண்டு எண் குறைக்க வேண்டியதுதான்.

பந்தயம் முடிந்ததும் முதலில் வந்த காரை நேரே சோதனைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். கார்பரேட்டரின் கழுத்தைக் கொஞ்சம் சுரண்டி அகலப்படுத்துவது, திராட்டில் தகட்டின் நடு அச்சை அரைத்து மெலிதாக்கிக் காற்றுக்கு வழிவிடுவது என்று ஏமாற்றும் வழிகள் எல்லாம் சோதனை செய்பவருக்கும் தெரியும். பல சமயம் அவரே முன்னாள் ஓட்டுநர். அவர் கையில் இரும்புத் தண்டுகள் இரண்டு. ஒன்று கழுத்துக்குள் போக வேண்டும். அதைவிட மயிரிழை பருத்த மற்றொன்று போகக் கூடாது. இரண்டாவதும் உள்ளே இறங்கிவிட்டால் கோப்பை இரண்டாவதாக வந்தவருக்கு.